டச்சு மழலை எந்த வரிசையில் வளர்கிறது?

நெதர்லாந்தில் வாழைப்பழத்துக்கு ‘பனான்’ என்று பெயர். பேசத் தொடங்கிய குழந்தை அதை வெறும் ‘நான்’ ஆக்கிவிடும். ‘பலோன்’ என்ற பலூன் ‘லோன்’ ஆகும். நாக்கு இன்னும் பழகவில்லை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் உதடு சேர்த்துச் சொல்லும் ஒலிகள் குழந்தைகளுக்குச் சீக்கிரமே வந்துவிடும். இந்த இரண்டு சொற்களிலும் அழுத்தம் விழுவது பின் அசையில். அழுத்தமில்லாத முதல் அசைதான் கழன்றுபோகிறது.

டச்சுச் சொற்களில் பெரும்பாலானவை முதல் அசையில் அழுத்தம் கொண்டவை. ‘பனான்’ போன்றவை சிறுபான்மை. டச்சுக்காரர்கள் இலங்கையில் விட்டுப்போன ‘கந்தோர்’ என்ற சொல்லும் அவர்கள் வாயில் பின் அசை அழுத்தம் பெறும் சொல்தான். குழந்தைக்கு முதலில் பிடிபடுவது பெரும்பான்மைத் தாளம். அதனால் ‘பலோன்’ சரியாக வருவதற்குள் சில படிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. முதலில் அழுத்தமுள்ள அசை மட்டும் வரும். அப்புறம் இரண்டு அசையும் வரும், ஆனால் அழுத்தம் தவறாக முதல் அசைக்குப் போய்விடும். அடுத்து இரண்டிலும் சமமாக அழுத்துவார்கள். கடைசியில்தான் பெரியவர்களின் உச்சரிப்பு. இந்தப் படிகளை மொழியியலாளர் பவுலா ஃபிக்கர்ட் 1994இல் லைடன் பல்கலைக்கழக ஆய்வேட்டில் விவரித்தார். ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட 12 குழந்தைகளின் பேச்சை ஏறக்குறைய ஓராண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதிவுசெய்து எழுதப்பட்டது அது.

கேட்கும் காது இதற்கு வெகுமுன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. 1993இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் பீட்டர் ஜூசிக்கும் அவருடைய குழுவினரும் அமெரிக்க, டச்சுக் குழந்தைகளுக்கு இரு மொழிச் சொற்பட்டியல்களையும் ஒலிக்கவிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தைகள் தத்தம் மொழிப் பட்டியலையே அதிக நேரம் கேட்டார்கள். ஆறு மாதக் குழந்தைகளிடம் அந்த வேறுபாடு இல்லை. ஆங்கிலமும் டச்சும் தாளத்தில் நெருங்கியவை; ராகத்தை வைத்துப் பிரிப்பது கடினம். ஒலிப்பதிவை வடிகட்டி ஏற்ற இறக்கத்தை மட்டும் விட்டுவைத்தபோது ஒன்பது மாதக் குழந்தைகளின் விருப்பமும் காணாமல் போனது. ஆக, எந்த ஒலிக்குப் பக்கத்தில் எது வரலாம் என்ற கணக்கு அந்த வயதிலேயே சேரத் தொடங்கியிருக்கிறது. முழங்காலுக்கான ‘க்னீ’ என்ற டச்சுச் சொல்லில் ‘க்’ ஒலிக்கும். அதே எழுத்துகளோடு தொடங்கும் ஆங்கிலச் சொல்லில் ஒலிக்காது. இப்படிப்பட்ட தடயங்கள்தான்.

சரி, வாய்க்கு வருவோம். டச்சு அசைகள் கொஞ்சம் முரட்டுத்தனமானவை, தமிழ்ச் சொல் முதலில் வரவே வராத மெய்க்கூட்டங்கள் அங்கே சாதாரணம். மொழியியலாளர் கிளாரா லெவெல்ட்டும் வேறு இருவரும் சேர்ந்து 2000இல் வெளியிட்ட கட்டுரை, அதே 12 குழந்தைகளின் பதிவுகளிலிருந்து ஒரு வரிசையை எடுத்துக்காட்டியது. முதலில் மெய்யும் உயிரும் மட்டும்: ‘கூ’, அதாவது பசு. அடுத்து இறுதியில் ஒரு மெய்: ‘பூஸ்’, பூனை. அதற்குப் பிறகே தனி உயிர்: ‘ஐ’, முட்டை. உயிரில் தொடங்கி மெய்யில் முடியும் ‘ஆப்’, குரங்கு, அதற்கும் பின். தனி உயிர்தானே எளிது என்று தோன்றும். ஆனால் தொடக்கத்தில் மெய் இல்லாத அசை குழந்தைக்குப் பிடிப்பதில்லை. ‘ஆப்’ என்பதைப் ‘பாப்’ என்று சொல்லும் கட்டமும் உண்டு.

இதுவரை எல்லாரும் ஒரே பாதை. இங்கிருந்துதான் எனக்குப் பிடித்த பகுதி தொடங்குகிறது. சில குழந்தைகள் முதலில் சொல்லின் இறுதியில் இரட்டை மெய்யைப் பிடித்துக்கொண்டார்கள், ‘ஹன்ட்’ (கை) போல. தொடக்கத்தில் இரட்டை மெய் வரும் ‘த்வே’ (இரண்டு) அப்புறம்தான் வந்தது. மற்ற சிலர் நேர்மாறு. இரு முனையிலும் மெய்க்கூட்டம் கொண்ட ‘க்ரன்ட்’ (செய்தித்தாள்) இரு கூட்டத்தாருக்குமே கடைசி.

ஏன் சரியாக அந்த இடத்தில் பிரிந்தார்கள்? எளியதிலிருந்து சிக்கலானதற்கு என்ற விதி மட்டும் இருந்தால் இன்னும் பல பாதைகள் சாத்தியம். ஆய்வாளர்கள் பெற்றோர் பேச்சைப் பார்த்தார்கள். யோஸ்ட் ஃபான் டெ வையர் ஒரு டச்சுக் கைக்குழந்தையைச் சுற்றி நடந்த பேச்சைப் பதிவுசெய்து வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு அசை வகையும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணியபோது, குழந்தைகளின் வரிசையும் எண்ணிக்கையின் வரிசையும் பெரும்பாலும் பொருந்தின. இறுதி இரட்டை மெய்யும் தொடக்க இரட்டை மெய்யும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தன. எண்ணிக்கை வழிகாட்டாத அந்த ஒரே இடத்தில்தான் குழந்தைகள் பிரிந்தார்கள். உள்ளார்ந்த விருப்பமா, கேட்ட பழக்கமா என்ற பழைய சண்டைக்கு இதைவிட நேர்த்தியான பதிலை நான் பார்த்ததில்லை: விருப்பம் சில பாதைகளைத் திறந்துவைக்கிறது, கேட்ட பேச்சு அவற்றில் ஒன்றைத் தேர்கிறது.

எண்ணிக்கை உதவாத இன்னொரு சிக்கலும் டச்சில் உண்டு. சொல்லின் இறுதியில் தொண்டை அதிரும் ‘ட’ வராது. வன்மையான ‘ட்’ ஆகிவிடும். படுக்கையும் தொப்பியும் ஒருமையில் ஒரே மாதிரி ‘எட்’ என்றே முடியும். பன்மையில்தான் குட்டு வெளிப்படும்: படுக்கைகள் ‘பெடன்’, தொப்பிகள் ‘பெட்டன்’. எது மாறும், எது மாறாது என்று ஒருமையைக் கேட்டுக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒவ்வொரு சொல்லின் பன்மையையும் தனியாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அதனால் மூன்று வயதிலும் அதற்குப் பிறகும் ‘ஹன்டன்’ (கைகள்) என்பதில் வன்மையான ஒலியையே வைத்துச் சொல்லும் பிழை கேட்கிறது. ஆய்வாளர்கள் உருவாக்கிய பொய்ச் சொற்களுக்குப் பன்மை கேட்டால், குழந்தைகள் பெரும்பாலும் ஒருமையில் கேட்ட ‘ட்’டை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள், மெலிய வைப்பது அரிது.