ஈரோட்டம்: 'டூ ஸ்ட்ரோக்' பக்கவாதம் அல்ல

பழைய யமஹா ஆர்டி350 பைக் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை படித்தேன். அதன் 'டூ ஸ்ட்ரோக்' எஞ்சினை 'இரண்டு பக்கவாத இயந்திரம்' என்று எழுதியிருந்தது. இந்தப் பிழையை இதற்கு முன்பும் நாலைந்து முறை பார்த்துவிட்டேன். வண்டிக்கு எப்படி வாதம் வரும் என்று எழுதியவர் ஒரு நொடி நினைத்திருக்கக் கூடாதா?

ஸ்ட்ரோக், 'ஸ்ட்ரைக்' என்ற ஆங்கில வினைக்கு உறவு. அடி என்பதே மூலப்பொருள். நோயின் பெயர் அதில் கிளைத்தது. எஞ்சினில், சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒருமுறை போவதுதான் ஸ்ட்ரோக்.

'ஈரடி' என்றால் குறள்தான் நினைவுக்கு வரும். பிஸ்டன் எதையும் அடிப்பதும் இல்லை. 'இருவீச்சு' கேட்க நன்றாக இருக்கிறது, அதனாலேயே எனக்குக் கவலை. பள்ளி இயற்பியலில் வீச்சு என்பது அலைவின் நடுவிலிருந்து ஒரு கோடி வரையுள்ள தொலைவு. ஆர்டி350-இன் சிலிண்டர் விட்டம் 64 மி.மீ., பிஸ்டன் போகும் தூரம் 54 மி.மீ. அந்தப் பாடப்படி வீச்சு 27 மி.மீ.தான். அதை வைத்துக் கொள்ளளவைக் கணக்கிடும் மாணவனுக்கு, இரண்டு சிலிண்டரும் சேர்ந்த 347 சிசி பாதியாகிவிடும். ஒரே சொல்லுக்கு ஒரே துறைக்குள் இரண்டு அளவு கொடுப்பது பெரும் பிழை.

ஓட்டம் என்று சொல்லலாமே! கிரிக்கெட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை சேர்ந்தால் ஓர் ஓட்டம்; இரண்டு எடுத்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறோம். பிஸ்டனும் அப்படித்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று, அதற்குள் ஒரு வெடிப்பு. ஈரோட்ட எஞ்சின், நாலோட்ட எஞ்சின்: விளக்கம் சொல்லாமலே புரியும்.

யமஹாவின் கதையே ஈரோட்டத்தில்தான் தொடங்குகிறது. 1955-இல் வந்த அதன் முதல் வண்டி ஒய்ஏ-1, ஜெர்மனியின் டிகேடபிள்யூ நிறுவனத்தின் RT125-ஐப் பார்த்துச் செய்த 125 சிசி வண்டி. ஜப்பானியர் அதைச் செல்லமாகச் 'செந்தும்பி' என்றார்கள். 1973-இல் ஆர்டி350 வந்தது. ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் செய்தது இதன் வழிவந்ததைத்தான்.

ஆர்டியின் புதுமை ரீட் வால்வு. பிஸ்டன் கீழே ஓடும்போது பெட்ரோல் கலவை கார்புரேட்டருக்கே திரும்பிப் போகாமல் மெல்லிய தகடுகள் வழியை மூடிக்கொள்ளும். ரீட் என்றால் நாணல் என்பதால் அந்தக் கட்டுரை இதை 'நாணல் வால்வு' என்கிறது. ஊதுகருவியின் நாக்குக்கும் ஆங்கிலத்தில் ரீட் என்றுதான் பெயர். நாகஸ்வரத்தில் மூச்சுக்குத் திறந்து மூடும் சீவாளி நம்மிடம் இருக்கிறது. சீவாளி வால்வு என்று எழுதியிருக்கலாம்.