கண்ணாடிக் குப்பிக்குள் கதிர்வீச்சு: வீட்டில் செய்யும் முகில்கலம்

குமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்காமல் யாரும் வளர்வதில்லை. மணவாளக்குறிச்சி, குளச்சல், தேங்காப்பட்டணம் என்று எங்கே போனாலும் அதைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். மணல் எடுக்கலாமா கூடாதா, நோய்க்கும் மணலுக்கும் தொடர்பு உண்டா என்று டீக்கடையிலும் பேசுவார்கள், கூட்டங்களிலும் பேசுவார்கள். அந்தப் பேச்சு அவசியமானது. ஆனால் பேசுகிறவர்களில் கதிர்வீச்சின் தடத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அதைப் பார்க்க முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, ஒரு கண்ணாடிக் குப்பி, கொஞ்சம் ஆல்கஹால், மீன்பிடித் துறைமுகத்துப் பனிக்கட்டி, இன்னும் சில சில்லறைச் சாமான்கள் இருந்தால் போதும், வீட்டு மேசையிலேயே பார்த்துவிடலாம். இந்தக் கருவியின் பெயர் முகில்கலம்.

முதலில் மணலைப் பற்றிக் கொஞ்சம். நம் கடற்கரையில் கறுப்பாக மின்னுவது இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம் அது. வலுவான காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டும். சிவப்பாகத் தெரிவது கார்னெட். கன்னியாகுமரிக் கடைகளில் பாக்கெட்டில் விற்கும் வண்ண மணலில் இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கலாம். அம்மனின் திருமணம் நின்றுபோனதால் கல்யாணச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்று கதை சொல்வார்களே, அதே மணல்தான். கதிரியக்கத்துக்குப் பெரும் காரணமான மோனசைட் இவற்றோடு கலந்து கிடக்கிறது. அது கறுப்பு அல்ல, தேன் நிறக் குருணை. அதில் ஏறத்தாழ 9 சதவீதம் தோரியம் ஆக்சைடு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மணவாளக்குறிச்சி மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்து கேஸ் விளக்குகளில் சுடரைச் சுற்றி ஒளிரும் வலையான மேன்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது.

தோரியம் தானாகச் சிதையும், அதாவது அதன் அணுக்கள் துகள்களை உமிழ்ந்து வேறு தனிமமாக மாறும். அந்த உமிழ்வுதான் கதிர்வீச்சு. பாதி சிதைந்து முடிய 1400 கோடி ஆண்டுகள் ஆகும். சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. போகிற வழியில் ஒரு கட்டத்தில் அது வாயுவாகி, மண்ணை விட்டுக் காற்றுக்கு வருகிறது. அந்த வாயுவைத் தோரான் என்பார்கள். யுரேனியத்திலிருந்து வரும் அதன் உடன்பிறப்பு ரேடான். இந்த இரண்டும் சிதைந்து உண்டாகும் பொருள்களைத்தான் பிடிக்கப்போகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத துகள் எப்படித் தடம் காட்டும்? ஆல்கஹால் ஆவி அளவுக்கு மேல் குளிர்ந்தால் துளியாக மாறியாக வேண்டும். ஆனால் துளி உருவாக ஒரு பிடிமானம் வேண்டும். தூசியோ, மின்னூட்டம் பெற்ற அணுவோ ஏதாவது ஒன்று. தூசியில்லாத மூடிய இடத்தில் பிடிமானம் கிடைக்காமல் ஆவி தவித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மின்னூட்டம் கொண்ட ஒரு துகள் பாய்ந்தால், வழியில் உள்ள காற்று அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை உதறிவிட்டுப் போகும். மின்னூட்டம் பெற்ற அந்த அணுக்களின் மேல் ஆவி படிந்து துளியாகிறது. உயரத்தில் ஜெட் விமானம் போன பிறகு வானத்தில் நிற்கும் வெள்ளைக் கோடு போல, துகள் போன பாதை ஒரு மெல்லிய வெண்கோடாகத் தெரியும். துகள் எப்போதோ போய்விட்டிருக்கும். கோடு ஓரிரு விநாடி நின்று கலையும்.

சார்லஸ் வில்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1894இல் பென் நெவிஸ் மலை உச்சியில் சில வாரங்கள் தங்கி மேகங்களைப் பார்த்தார். அதே மேகத்தை ஆய்வகத்தில் உண்டாக்க வேண்டும் என்று இறங்கியவர், 1911இல் துகள்களின் தடங்களைப் படமெடுத்தார். 1927இல் நோபல் பரிசு வந்தது. எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானை 1932இல் கண்டுபிடித்ததும் முகில்கலத்தில்தான். நாம் செய்யப்போவது 1930களில் லாங்ஸ்டார்ஃப் என்ற அமெரிக்க இயற்பியலாளர் உருவாக்கிய எளிய வகை. மேலே வெதுவெதுப்பு, கீழே கடும் குளிர், அவ்வளவுதான்.

கீழே எவ்வளவு குளிர் வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கலத்தின் அடித்தட்டு பூச்சியத்துக்குக் கீழே 25 டிகிரியைத் தாண்ட வேண்டும், 30 என்றால் நல்லது. பெரும்பாலான செய்முறைகள் டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, வாங்கச் சொல்லும். நம் ஊரில் அதற்கு அலைய வேண்டும். சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் ஐஸ் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அதில் எவ்வளவு உப்பு கொட்டினாலும் மைனஸ் 21க்குக் கீழே போகாது. சில டிகிரிதான் குறைகிறது, இருந்தாலும் தடம் சரியாக விழாது.

இங்கே பெல்டியர் தகடு கைகொடுக்கும். பிரெஞ்சு இயற்பியலாளர் பெல்டியர் 1834இல் கண்டறிந்த விளைவு இது: இருவேறு பொருள்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். சிறிய கார் ஃபிரிட்ஜ்களில் இருப்பதும் இதுதான். 12706 என்று எண் போட்ட, 4 சென்டிமீட்டர் சதுரத் தகடு இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. அது வெப்பத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. சூடான பக்கத்தை நம் மார்ச் மாத வெயிலில் வெறும் ஃபேன் வைத்து ஆற்றினால் அது 40 டிகிரிக்குக் கீழே வராது, குளிர்ந்த பக்கமும் போதிய அளவு குளிராமல் நின்றுவிடும். ஆகவே துறைமுகத்து ஐஸை அந்தச் சூடான பக்கத்துக்குக் கொடுங்கள். ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும், அதில் மீன்தொட்டிக்குப் போடும் சிறு பம்ப், அதிலிருந்து டியூப் வழியாக ஓர் அலுமினிய வாட்டர் பிளாக், அதாவது உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டி. நேராகப் பயன்படாத ஐஸ் இப்படிச் சுற்றிவந்து வேலையை முடித்துக் கொடுக்கிறது. இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வாட்டர் பிளாக்கின் மேல் ஒரு தகடு, அதன் மேல் இன்னொன்று. இரண்டின் குளிர்ந்த பக்கமும் மேலே பார்க்க வேண்டும். ஒரு நொடி மின்சாரம் கொடுத்து விரலால் தொட்டால் எது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இடையில் வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மெல்லிசாகத் தடவுங்கள். கீழ்த் தகட்டுக்கு 12 வோல்ட், மேல் தகட்டுக்கு 5 வோல்ட். மேல் தகடு தள்ளும் வெப்பத்தோடு தன்னுடையதையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் கீழ்த் தகட்டுக்கே அதிக வலு வேண்டும். இந்த இரண்டு வோல்ட்டும் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலேயே இருக்கின்றன: மஞ்சள் ஒயர் 12, சிவப்பு 5, கறுப்பு பொது. பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் அது ஓடத் தொடங்கும். பெட்டியைப் பிரிக்காதீர்கள், உள்ளே வீட்டு மின்சாரம் இருக்கிறது. பம்ப் ஓடுகிறதா என்று பார்க்காமல் பெல்டியரை ஓடவிடவும் கூடாது. சில நிமிடத்தில் கருகிவிடும்.

மேல் தகட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். சுற்றிலும் தெர்மகோல் அடையுங்கள், இல்லாவிட்டால் கடற்காற்றின் ஈரம் உறைந்து ஓரங்களில் வெள்ளை பூத்துவிடும். கண்ணாடிக் குப்பியின் உள்ளே அடியில் கம்பளித் துணி ஒட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி நனைத்து, மேல் தகட்டின் மீது தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பைக் களிமண்ணால் அடையுங்கள். செல்போன் பழுது பார்ப்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பது அதே ஆல்கஹால்தான். 99 சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள். கை கழுவும் சானிடைசரில் தண்ணீர் கலந்திருப்பதால் சரிப்படாது. இது சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கோ ஊதுபத்தியோ அந்த அறையிலேயே வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

அறையை இருட்டாக்கி, எல்இடி டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். முதலில் மழைத்தூறல் மாதிரி நுண்துளிகள் விழும். பத்து நிமிடம் போல ஆனதும் தட்டுக்கு ஒட்டி மேலே ஒரு சென்டிமீட்டருக்குள், கோடுகள் தோன்றும். நீளமாக, நேராக, மெல்லிசாக ஓடுவது பெரும்பாலும் மியூயான், எலக்ட்ரானைப் போன்ற, அதைவிடக் கனமான துகள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நம் தலைக்கு மேல் சுமார் 15 கிலோமீட்டரில் காற்றில் மோதும்போது பிறப்பது. கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால், நம் 16 சதுர சென்டிமீட்டர் தட்டில் நிமிடத்துக்குப் பதினாறு. செங்குத்தாக இறங்குபவை சின்னப் புள்ளியாகவே தெரியும், அதனால் அத்தனையும் கண்ணில் படாது. நெளிந்து நெளிந்து போவது எலக்ட்ரான், எடை குறைவாதலால் அணுக்களில் மோதித் திசை மாறுகிறது. தடித்து, குட்டையாக, பளிச்சென்று வருவது ஆல்ஃபா, கதிரியக்க அணுக்கள் சிதையும்போது வெளியேறும் கனமான துகள். எதிர்பாராத நேரத்தில் அது வரும்போது யாரும் சத்தம் போடாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆல்ஃபா நிறைய வேண்டும் என்றால் மணலை எடுக்காதீர்கள். மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமமில்லாமல் பிரித்துச் சேர்ப்பது குற்றம். தேவையும் இல்லை. ஒரு சின்ன ரப்பர் பலூனை ஊதி, கம்பளியால் நன்றாகத் தேய்த்து, ஜன்னல் சாத்திய தரைத்தள அறையில் அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். காற்றில் உள்ள ரேடான், தோரானின் சிதைவுப் பொருள்கள் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. தேய்த்த பலூன் அவற்றை இழுத்து ஒட்டவைக்கும். நம் ஈரக் காற்றில் பலூனின் மின்னூட்டம் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் வறண்ட நாளாகப் பாருங்கள். அப்புறம் மெதுவாகக் காற்றை இறக்கி, சுருங்கிய ரப்பரைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். அதிலிருந்து ஆல்ஃபாத் தடங்கள் பக்கவாட்டில் பாயும்.

எந்தத் தடம் எந்த வாயுவினுடையது என்று பிரிப்பதற்கும் வழி உண்டு. ரேடானின் வாரிசுகள் அரைமணிக்குள் பாதியாகக் குறைபவை. ஐந்து மணி நேரம் கழித்து அவற்றில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. தோரானின் வாரிசான ஓர் ஈய வகைக்குப் பாதியாக 10.6 மணி நேரம் வேண்டும். அதே ஐந்து மணியில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் மிஞ்சியிருக்கும். பலூனை இறக்கிய உடனே ஐந்து நிமிடம் தடங்களை எண்ணுங்கள். அதே ரப்பரை ஐந்து மணி நேரம் எடுத்துவைத்து, மறுபடி ஐந்து நிமிடம் எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கையில் வருபவை பெரும்பாலும் தோரியத்தின் வழி வந்தவை. இந்த எண்ணிக்கை உடலுக்கு எவ்வளவு கதிர்வீச்சு சேர்கிறது என்று சொல்லாது, அதற்கு அளவுத்தரம் செய்த கருவிகள் வேண்டும். ஆனால் குளச்சலில் ஒரு வீடு, கடலைவிட்டுத் தள்ளி உள்ள குலசேகரத்தில் ஒரு வீடு, இரண்டிலும் ஒரே அளவு பலூன், ஒரே நேரம், ஒரே மாதிரி அடைத்த அறை என்று வைத்து எண்ணினால், ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க இரண்டு எண்கள் கையில் கிடைக்கும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இது நல்ல வேலை.