கட்டியங்காரனைக் கோமாளி ஆக்காதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திரௌபதி அம்மன், தர்மராஜா கோயில்களில் மகாபாரதக் கதையை ஆடும் பாரதக் கூத்து இந்த ஆண்டுக்கு ஓய்ந்துவிட்டது. அவற்றைப் பற்றி வந்த செய்திகளையும் காணொளித் தலைப்புகளையும் புரட்டினால், கூத்தில் கதையைச் சொல்லி, வேடங்களைக் கேள்வி கேட்டு ஆட்டத்தை நடத்திச் செல்பவனுக்குரிய கட்டியங்காரன் என்ற சொல்லே அருகிவிட்டது தெரியும். ‘கோமாளி’ என்கிறார்கள், ‘பபூன்’ என்கிறார்கள். கொஞ்சம் படித்தவர்கள் ‘சூத்திரதாரி’ என்கிறார்கள். மூன்றுமே பிழை.

கட்டியம் என்பது அரசனோ தெய்வமோ எழுந்தருளும்போது விருதுப் பெயர்களை அடுக்கிச் சொல்லும் புகழுரை. பெருமாள் கோயில்களில் இன்றும் கட்டியம் சொல்கிறார்கள். சொல்பவன் கட்டியக்காரன், கூத்துக்காரர் வாயில் கட்டியங்காரன். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்ற மன்னனைக் கொன்ற அமைச்சனுக்கும் இதே பெயர். அவனுக்கும் இவனுக்கும் உறவில்லை.

கோமாளி என்ற சொல்லுக்குத்தான் செல்வாக்கு அதிகம். கட்டியங்காரனின் குல்லாயும் முகத்துப் புள்ளிகளும் பார்ப்பவரை அப்படி நினைக்க வைக்கின்றன. ஆனால் அவன் செய்யும் வேலையைப் பாருங்கள். களரி கட்டி, அதாவது வாத்தியங்களை முழக்கித் தொடங்கி, பிள்ளையார் துதி முடிந்ததும் முதலில் வந்து அன்றைய கதையைச் சொல்பவன் அவன். இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் கர்ணன் சலங்கை அதிர நிற்கிறான். கீழே கால்கள் மட்டும் தெரிகின்றன. “தாங்கள் யார், எந்த நாட்டுக்கு அதிபதி?” என்று கட்டியங்காரன் கேட்டால்தான் கர்ணன் தன் பெருமையைப் பாட்டாகவும் வசனமாகவும் எடுத்துச் சொல்ல இடம் கிடைக்கிறது. கட்டியம் என்ற பெயருக்குப் பொருள் அந்த இடத்தில்தான் இருக்கிறது. விருத்தப் பாட்டு புரியாத கூட்டத்துக்காக, “என்ன சொல்றீங்க ராஜா?” என்று மறுபடி கேட்டுப் பொருளை வெளியே வரவழைப்பதும் அவன்தான். புஜக்கட்டை என்னும் தோள் அணியைக் கட்டி முடியாமல் அடுத்த வேடம் தாமதமானால் பேச்சை நீட்டுவான். நடிகர் பாட்டின் அடியை மறந்தால் கேள்வியாலேயே எடுத்துக் கொடுப்பான். தூதன், காவலன் என்று சில்லறை வேடங்களையும் தாங்குவான். ஓசூர், தளிப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவனுக்குத் தனி மதிப்பு. சிரிக்க வைப்பது இத்தனையில் ஒன்று.

சூத்திரதாரி வடமொழி நாடகத்தின் முன்னுரையில் பேசிவிட்டு விலகிப் போகிறவன். கட்டியங்காரனோ விடியும் வரை களத்தை விட்டு அகலாமல் கதைக்கு உள்ளும் புறமும் நடமாடுகிறான். அதே நாடகத்தில் சிரிக்க வைக்கும் விதூஷகனும் பொருந்தாது, அவன் அரசனின் தோழன், கதைக்குள்ளேயே இருக்கும் ஒரு பாத்திரம்.

பெயர் மாறினால் வேலையும் மாறிவிடும் என்பதே என் கவலை. கோமாளிதானே என்று அனுபவமில்லாத பையனிடம் வேடத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அவன் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறான். திரைக்குப் பின்னால் நிற்பவனைக் கேள்வி கேட்க ஆளில்லை. வசனம் பாதியில் அறுந்து கதை தொங்குகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் செய்வது இன்னும் மோசம். ஆங்கிலத்தில் ஜோக்கர் என்று எழுதி, அதையே திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து கோமாளி ஆக்குகிறார்கள். நம் சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

விழா மேடையில் நிகழ்ச்சியை நடத்துபவருக்குத் தொகுப்பாளர் சரி. நவீன நாடகத்தில் கதையை எடுத்துச் சொல்பவருக்குக் கதைசொல்லி சரி. கூத்துக் களத்தில் கட்டியங்காரன், கட்டியக்காரன் இரண்டும் செல்லும். அந்த வேடத்தைப் பெண் ஏற்றால் கட்டியக்காரி.