அட்டவணையை நீக்க விடாத வியூ

தரவுத்தளத்தில் சாதாரண வியூ என்பது பெயரிட்டுச் சேமித்த ஒரு வினவல். அதற்குள் தரவு எதுவும் இல்லை. கூப்பிடும்போதெல்லாம் அடிப்படை அட்டவணைகளைத் துழாவித்தான் விடை தரும். அந்த விடையையே வட்டில் எழுதி வைத்து, அட்டவணை மாறும்போதெல்லாம் அதையும் உடனுக்குடன் திருத்தி வந்தால், அது இன்டெக்ஸ்டு வியூ. மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரில் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

இந்த வேகத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஸ்கீமாபைண்டிங், அதாவது வியூவை அடிப்படை அட்டவணையின் கட்டமைப்போடு பிணைத்து வைப்பது. வியூ இருக்கும்வரை அதன் அடிப்படை அட்டவணையை நீக்க முடியாது. நியாயமான தடைதான், அட்டவணையே போய்விட்டால் சேமித்த விடை எதற்கு?

ஆனால் ஒரு சர்வரின் தரவை இன்னொன்றில் பிரதியெடுத்து வைக்கும் ரெப்ளிகேஷனில் இதே தடைதான் வம்பு செய்கிறது. அறிக்கைகள் விரைவாக வர வேண்டும் என்று, பிரதியைப் பெறும் சர்வரில் இன்டெக்ஸ்டு வியூ அமைப்பதுண்டு. மாற்றங்கள் வரி வரியாக வந்துகொண்டிருக்கும்வரை சிக்கல் இல்லை. மூல அட்டவணைகளின் முழு நகலான ஸ்னாப்ஷாட்டைப் புதிதாக இறக்க நேரும்போதோ, இயல்பான அமைப்பின்படி பழைய அட்டவணையை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கும் வேலை நடக்கும். வியூ விடாது. பிழை எண் 3729 வந்து நிற்கும். எத்தனை முறை முயன்றாலும் அதேதான்.

நீக்காமல் காலி மட்டும் செய்தால்? இன்டெக்ஸ்டு வியூ சார்ந்திருக்கும் அட்டவணையில், எல்லா வரிகளையும் ஒரேயடியாக அகற்றும் டிரன்கேட் கட்டளைக்கும் அனுமதி இல்லை. டெலிட் செல்லும். ஆனால் நீக்கும் வரிகள் ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறும், வியூவும் கூடவே திருத்தப்படும். பெரிய அட்டவணை என்றால் பொறுமை வேண்டும். அதைவிட முக்கியம், டெலிட்டுக்குப் பிறகும் பழைய கட்டமைப்பே மிஞ்சும். மூல அட்டவணையில் நெடுவரிசை கூடியிருந்தால் அது இங்கே வந்து சேராது.

ஆகவே வியூவையே தற்காலிகமாக விலக்குவதுதான் சரி. ஸ்னாப்ஷாட்டுக்கு முன் ஒரு ஸ்கிரிப்டும் பின் ஒரு ஸ்கிரிப்டும் ஓட ரெப்ளிகேஷனிலேயே இடமுண்டு. முன்னது வியூவை நீக்கட்டும்; பின்னது, தரவு முழுதும் ஏறிய பிறகு வியூவையும் அதன் விடையை வட்டில் வைத்திருக்கும் தனித்துவ கிளஸ்டர்டு இன்டெக்ஸையும் உருவாக்கட்டும். இன்டெக்ஸ் ஒரே மூச்சில் கட்டப்படுவது கூடுதல் லாபம். வியூவோடு போன அனுமதிகளையும் அங்கேயே திரும்ப வழங்க வேண்டும்.

வியூவின் வரையறையைத் திருத்த ஆல்டர் கட்டளையை நாடுபவர்கள் கவனிக்க: அது வியூவின் இன்டெக்ஸ்கள் அனைத்தையும் சத்தமில்லாமல் அழித்துவிடும். விடை சரியாகவே வரும், மெதுவாக வரும். காரணம் தேடி அலைவதுதான் மிச்சம். முன் ஸ்கிரிப்டில் ‘வியூ இருந்தால் மட்டும் நீக்கு’ என்று எழுதுங்கள். முதல் ஸ்னாப்ஷாட்டின்போது அங்கே வியூவே இருக்காது.