மத்தில்டிடம் இல்லாதது வரதட்சணை அல்ல

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘நெக்லஸ்’ கதை தமிழுக்கு வரும்போதெல்லாம் முதல் பத்தியிலேயே ‘வரதட்சணை’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. கதாநாயகி மத்தில்டு வீட்டில் வரதட்சணை கொடுக்க வழியில்லை, அதனால் அவளை ஒரு குமாஸ்தாவுக்குக் கட்டிவைத்தார்கள் என்று படிக்கும் தமிழ் வாசகர், எங்கோ ஒரு மாமியார் பட்டியல் நீட்டியதாக எண்ணிக்கொள்வார். கதையில் அப்படி யாரும் எதையும் கேட்கவில்லை.

1884இல் வெளிவந்த அந்தக் கதையில் உள்ள பிரெஞ்சுச் சொல் ‘தொத்’. கொடுத்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ‘டௌரி’யும் அதே குடும்பம்தான். வேர்க்கதை அவ்வளவே. சட்டம்தான் முக்கியம். 1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டத்தொகுப்பு, இல்லறச் செலவைத் தாங்குவதற்காக மனைவி கொண்டுவரும் சொத்து என்று இதை வரையறுத்தது. அன்றைய முறைப்படி திருமணத்துக்கு முன்பே, சட்டப் பத்திரங்கள் எழுதும் நோட்டரி முன்னிலையில் ஒப்பந்தம் எழுதிவிட வேண்டும். ‘தொத்’ முறையில் எழுதிக்கொண்டவர்களிடையே சொத்தை நிர்வகிப்பவன் கணவன். வருமானமும் அவன் கையில். ஆனால் ‘தொத்’தாக வந்த நிலத்தை, சில விலக்குகள் தவிர, அவனும் விற்க முடியாது, அவளும் விற்க முடியாது. மணவாழ்வு முடிந்தால் சொத்து அவளுக்கோ அவள் வாரிசுகளுக்கோ திரும்ப வேண்டும்.

இதை வரதட்சணையோடு ஒட்டிப் பாருங்கள். வரனுக்குத் தரும் தட்சணை. சொல்லே பெறுபவனைச் சொல்லிவிடுகிறது: மாப்பிள்ளை. தட்சணை திரும்பி வருவதில்லை. அதற்குப் பத்திரமும் இல்லை. போதாததற்கு 1961ஆம் ஆண்டின் தடைச் சட்டத்துக்குப் பிறகு அந்தச் சொல்லில் குற்றவாடையும் ஏறிவிட்டது.

இந்த வேறுபாடு பிடிபடாவிட்டால் அதே 1884இல் மாப்பசான் எழுதிய ‘தொத்’ என்ற கதையே விளங்காது. மாப்பிள்ளை லெப்ருமான், நோட்டரி. புதிதாக வாங்கிய அலுவலகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். பெண்ணுக்கு மூன்று லட்சம் பிராங்க், ரொக்கமாகவும் பத்திரங்களாகவும். தேனிலவுக்குப் பாரிஸ் போகும்போது அந்தத் தொகையைக் கையோடு வாங்கிக்கொள்கிறான். அங்கே மனைவியைக் குதிரை ஆம்னிபஸ்ஸின் உள்ளே உட்காரவைத்துவிட்டு, புகைபிடிக்க மேல்தட்டுக்குப் போனவன் பணத்தோடு மறைந்துவிடுகிறான். அவளுடைய பணத்துக்குப் பத்திரம் எழுதிக் காக்க வேண்டிய தொழில்காரனே திருடன் என்பதுதான் கதையின் குத்தல். தலைப்பை ‘வரதட்சணை’ என்று போட்டால், கொடுத்ததை எடுத்துக்கொண்டு போனான், அதிலென்ன திருட்டு என்று கேட்கத் தோன்றும்.

அடுத்தது ‘மணக்கொடை’. வரதட்சணை வடமொழி என்பதால் தனித்தமிழ் அன்பர்கள் வைக்கும் மாற்று. ஓசை நன்றாக இருக்கிறது, பொருள் கைக்கு அகப்படவில்லை. மணத்தில் யார் யாருக்குக் கொடுக்கும் கொடை? பெண்வீட்டார் தருவதும் மணக்கொடை. மாப்பிள்ளை வீட்டார் போடும் பரிசமும் மணக்கொடை. இஸ்லாமியத் திருமணத்தில் மணமகன் மணமகளுக்குத் தரும் மஹரும் மணக்கொடை. பந்தலில் எழுதும் மொய்யையும் சேர்த்துக்கொள்ளலாம், தடுப்பார் இல்லை. திசையே எதிரெதிரான வழக்கங்களை ஒரே பையில் போட்டுக் கட்டும் சொல் கலைச்சொல் ஆகாது. கொடை என்றால் மனமுவந்து தருவது என்ற நிறம் வேறு. நோட்டரி முன் கையெழுத்திட்டு, தவறினால் வழக்குக்குப் போகும் கடப்பாட்டைக் கொடை என்பது வள்ளல்களுக்கே இழுக்கு. தூய்மைக்காகத் தெளிவைப் பலி கொடுக்கும் பழக்கம் நம் சொல்லாக்கக்காரர்களை விட்டபாடில்லை.

சரியான சொல் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை: சீதனம். ‘ஸ்திரீதனம்’, அதாவது பெண்ணின் சொத்து, தமிழ் நாவில் தேய்ந்து வந்த வடிவம். வடமொழி வேர் என்று முகம் சுளிப்பவர்கள் தேசவழமையைப் பார்க்கட்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை டச்சுக்காரர்கள் 1707இல் தொகுத்த அந்தச் சட்டத்தில் முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டிய சொத்து) என்பவற்றோடு சீதனமும் தனிச் சொத்துவகை. பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் எழுதித் தருவது. அங்கேயும் ‘சீதனக் கொடுமை’ என்ற பேச்சு உண்டே என்றால், உண்டு. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போகும் ரொக்கத்தை அங்கே ‘டொனேஷன்’ என்று பிரித்துச் சொல்வார்கள். அந்தப் பிரிப்புதான் நமக்கு வேண்டியது.

எல்லா இடத்திலும் சீதனம் பொருந்திவிடாது. ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1883இல் எழுதிய ‘ப்ரிதானயெ’ (‘தொத்’துக்கு இணையான ரஷ்யச் சொல்) கதையில் தாயும் மகளும் வருடக்கணக்காகத் தைத்துத் தைத்து ஐந்து பெரிய பெட்டிகளில் துணிமணி சேர்க்கிறார்கள்; தகப்பனோடு பிறந்தவன் அதிலிருந்து திருடி யாத்திரிகர்களுக்குக் கொடுக்கிறான்; மாப்பிள்ளை கடைசிவரை வருவதில்லை. சட்டப்படி ரஷ்யாவிலும் அது மனைவியின் தனிச் சொத்தே. ஆனால் கதையில் நாம் பார்ப்பது துணி, பெட்டி, தையல். அங்கே ‘சீர்’ என்றோ ‘சீர்வரிசை’ என்றோ வைக்க வேண்டும். மாப்பிள்ளையே இல்லாத கதைக்கு ‘வரதட்சணை’ என்று பெயர் வைத்தால் சிரிப்பார்கள்.

‘நெக்லஸ்’ முதல் பத்தியில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. சீதனம் இல்லை என்றதும் அடுத்து வரும் பிரெஞ்சுச் சொல்லை ‘எதிர்பார்ப்புகளும் இல்லை’ என்றும், சிலர் ‘நம்பிக்கையும் இல்லை’ என்றும் பெயர்த்துவிடுகிறார்கள். மத்தில்டுக்கு ஆசைகள் ஏராளம், கதையே அதுதான். அன்றைய கல்யாணப் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பொருள், உறவினர் இறந்தால் வாரிசாகக் கிடைக்கக்கூடிய சொத்து. ‘சீதனமும் இல்லை, பின்னால் வந்துசேரும் சொத்தும் இல்லை’ என்று எழுதினால் போதும்.