"போய்ச் சேர்ந்துட்டா நல்லதுலா சார்?"

வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்வது என் வேலை. பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை, பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவர்கள், பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் போனவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு கண்ணை மட்டும் அசைக்கிறவர்கள் என்று ஆள் கெடையாக் கிடக்கிற வீடுகள். பல வீடுகளில், நான் செருப்பை மாட்டும்போது, குரலைத் தாழ்த்தி இதைக் கேட்பார்கள்: "இப்படிக் கெடக்கதுக்கு, போய்ச் சேர்ந்துட்டா அவனுக்கும் நல்லதுலா சார்?"

கேட்பவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. பெரும்பாலும் அந்த வீட்டில் ராத்திரி தூங்காத ஒரே ஆள் அவர்தான்.

முக்கூடல் பக்கம் ஒரு அம்மா. மகன் கட்டிலுக்குக் கீழேயே தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போனில் அலாரம் அடிக்கும். எழுந்து அவனைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வால் எலும்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். ஓங்குதாங்கான ஆள், அம்மாவோ ஒல்லி. பழைய நூல்சேலையை இரண்டாக மடித்து அவன் இடுப்புக்குக் கீழே விரித்திருப்பார், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஆள் தானாகப் புரள்வான். டியூபில் கஞ்சி ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்தி, ஊற்றி அரைமணி நேரத்துக்கு மேல் அப்படியே வைத்திருப்பார், கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடக் கூடாதே. மகன் உடம்பில் ஒரு சின்னப் புண் கிடையாது. அம்மாவின் முதுகுதான் போய்விட்டது, அதை யாரும் கேட்பதில்லை. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அவன் தின்ன முடியாத ஆப்பிளோடு வந்து, "ஆள் தெரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக்கைப் பலருக்கு நினைவிருக்கும். 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்தவரை, 2015-ல் அவர் இறக்கும்வரை 42 ஆண்டுகள் அங்குள்ள நர்ஸ்கள் பார்த்துக்கொண்டார்கள், கருணைக்கொலை வேண்டாம் என்றும் சொன்னார்கள். பெரிய மனசுதான். ஆனால் அவர்களுக்கு ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போக முடிந்தது. முக்கூடல் அம்மாவுக்கு ஏது ஷிப்ட்?

சட்டம் என்ன சொல்கிறது? தேறிவர வழியில்லாத நோயாளிக்கு, உயிரை இழுத்துப் பிடித்திருக்கும் சிகிச்சையை நிறுத்த உச்ச நீதிமன்றம் 2018-ல் வழி சொன்னது, 2023-ல் நடைமுறையைக் கொஞ்சம் எளிதாக்கியது. இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊசி போட்டு முடிப்பதற்கு அனுமதி கிடையாது. நம் தெற்கத்திப் பக்கம் தலைக்கூத்தல் என்று, படுத்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடுவதைப் பேசுகிறார்களே, அது கொலை, வேறு பேர் வைக்க வேண்டாம்.

அப்புறம், அசைய முடியாதவரையும் நினைவு திரும்பாதவரையும் ஒரே கணக்கில் சேர்க்கிறோம். ஆய்க்குடி ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படைக்கான உடல்திறன் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர். 1981-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார், 2020-ல் பத்மஸ்ரீ. அன்று அவர் கட்டில் பக்கத்தில் நின்றும் யாராவது 'போய்ச் சேர்ந்துட்டா நல்லது' என்று சொல்லியிருக்கலாம். (சங்கம் நடத்தினால்தான் உயிருக்கு மதிப்பு என்று நான் சொல்லவில்லை.)

அதனால் நான் முதலில், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவரைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் பிசியோதெரபியும் வலி தணிக்கும் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. மாற்றுத்திறனாளி அட்டையும் பராமரிப்பு உதவித்தொகையும் எழுதிப் போடுங்கள். ஆனால் நாங்கள் வந்து போவது கொஞ்ச நேரம், மிச்சப் பொழுதெல்லாம் வீட்டாள் தலையில்தான். சென்னையிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் தம்பி இருக்கிறாரா? பணம் சரி. வருஷத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டு வந்து, ராத்திரி அலாரத்துக்கு அவர் எழுந்திருக்கட்டும், அண்ணி தூங்கட்டும். அதற்கு அப்புறமும் அந்தக் கேள்வி இருந்தால் டாக்டரை வைத்துப் பேசலாம். கட்டிலில் இருப்பவருக்கு விவரம் தெரியும் என்றால் அவரையும் வைத்துக்கொண்டு. தெரியுமா தெரியாதா என்று சந்தேகம் இருந்தால், அவர் காதுக்கு எட்டாத திண்ணையில்.