நாலாம் நாள் மூச்சில் வரும் வாசம்

கிழக்கிலங்கைக் காரைதீவில் என் பெரியம்மா கந்தசஷ்டி ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும் எடுத்து விரதம் இருப்பார். நாலாம் நாள் பக்கத்தில் போய் இருந்தால் அவர் மூச்சில் ஒரு வாசம் வரும். கனிந்து அழுகத் தொடங்கிய மாம்பழத்தில் நெயில் பொலிஷ் அழிக்கிற திரவத்தைத் தெளித்தது போல. "உள்ளுக்க கிடக்கிற கழிவெல்லாம் வெளிய போகுது மனே" என்பார். இயற்கை வைத்தியக் காணொளிகளும் இதையேதான் சொல்கின்றன.

அது கழிவு இல்லை. கழிவகற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தினமும் செய்கின்றன. விரதத்தில் மாறுவது எரிபொருள்.

சோறு குளுக்கோஸாகி, மிஞ்சியது கிளைக்கோஜனாக ஈரலில் சேரும். அங்கே இருப்பு சுமார் 100 கிராம்தான். தசைகளில் அதைவிடப் பல மடங்கு உண்டு, ஆனால் தசை சரியான கஞ்சன், இரத்தத்துக்கு ஒரு துளி குளுக்கோஸும் திருப்பித் தராது. மூளைக்கு மட்டும் நாளுக்கு ஏறக்குறைய 120 கிராம் வேண்டும். கணக்கு உதைக்கிறதல்லவா?

பக்கத்து மாளிகைக்காட்டில் நோன்பு பிடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக வராது. நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் எந்த மாதத்தில் றமழான் வந்தாலும் நம் பக்கம் நோன்பு 13, 14 மணி நேரம்தான். ஈரலின் இருப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே கஞ்சி வந்துவிடும்.

பெரியம்மாவுக்கு அது இரண்டாம் நாளே தீர்ந்துவிடுகிறது. இன்சுலின் இறங்க, கொழுப்புக் கலங்கள் கொழுப்பமிலத்தை அவிழ்த்துவிடும். மூளையால் அதை நேரடியாக எரிக்க முடியாது. அதனால் ஈரல் அதைக் கீற்றோன் என்ற சிறு துண்டுகளாக்கி அனுப்புகிறது. அதில் ஒரு பங்கு அசற்றோனாக மாறி, ஆவியாகி மூச்சில் போகும். நெயில் பொலிஷ் அழிக்கும் திரவத்தில் இருப்பதும் இதே அசற்றோன்தான். வாரக்கணக்கில் பட்டினி இருந்தவர்களை 1960களில் ஆராய்ந்த ஜோர்ஜ் கேஹில், மூளைக்கான சக்தியில் பாதிக்கு மேல் கீற்றோனிலிருந்தே கிடைப்பதைக் காட்டினார். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் குளுக்கோஸுக்காக உடல் தன் தசையையே வேகமாகக் கரைத்திருக்கும். முதல் சில நாள் கரைக்கத்தான் செய்கிறது.

தராசில் சட்டென்று குறையும் இரண்டு கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். ஒரு கிராம் கிளைக்கோஜன் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பாறணைக்குப் பிறகு அது திரும்பி வரும், ஏமாற வேண்டாம்.

கலங்கள் தம் பழுதான பாகங்களைத் தாமே உடைத்துத் திரும்பப் பயன்படுத்துவது எப்படி என்பதை ஈஸ்ற் என்ற நுண்ணுயிரைப் பட்டினி போட்டுக் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்காக, மனிதருக்குச் விரதத்தின் சரியாக 16ஆவது மணியில் இது தொடங்கும் என்று அடித்துச் சொல்பவரிடம் எதை வைத்து அளந்தார் என்று கேளுங்கள்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போடுபவர்களும் சில வகைக் குளிசை எடுப்பவர்களும் கிளினிக்கில் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது. சாப்பாடு நின்றாலும் மருந்து சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும், மயங்கி விழலாம். நீண்ட பட்டினிக்குப் பின் ஒரேயடியாகச் சாப்பிடுவதும் ஆபத்து. இன்சுலின் ஏறும்போது இரத்தத்திலுள்ள பொஸ்பேற்றும் பொட்டாசியமும் கலங்களுக்குள் இழுபட்டு, இதயத் துடிப்பே குழம்பலாம்.

பெரியம்மா பாறணையில் முதலில் கொஞ்சம் கஞ்சி மட்டும் குடிப்பார். "வயிறு சுருங்கிக் கிடக்கு" என்பது அவர் சொல்லும் காரணம். கஞ்சி இறங்கி இன்சுலின் எழுந்ததும் ஈரல் கீற்றோன் செய்வதைக் குறைத்துவிடும். அடுத்த நாள் பக்கத்தில் போய் இருந்தால் வெற்றிலை வாசம்தான் வரும்.